கேள்விப்பட்டால் வருகிறவர்கள்

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே ஒரு சட்டம் உண்டு. நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போகணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகணும். அப்பா வெடிமருந்து ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், யாரோ என்னவோ சொன்னார்கள் என்று, ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் போபோடிப் பக்கம் சாவு வீட்டுக்கு நடந்தே போனதைப் பார்த்திருக்கிறேன். அதே அப்பா, அடுத்த லைனில் கல்யாணம், பந்தல் எங்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டது, நேரில் வந்து அழைக்கவில்லை என்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு ரசம் சோறு சாப்பிட்டார். புனே கட்கியில் இருக்கிற பழைய தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் இதே புத்திதான். ஆரணி, வேலூர் பக்கமிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தபோது வேறு எதைக் கொண்டுவந்தார்களோ இல்லையோ, இந்த ரோஷத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், என் தம்பிக்கு நடந்ததெல்லாம் இதற்குள்தான் நடந்தது.

தம்பிக்குக் கசார்வாடியில் ஒரு பட்டறையில் மெஷின் பார்ட்டுகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு நானும் அவனும் ஒரு சாலில், அதாவது பொது வராந்தா வைத்து வரிசையாகக் கட்டிய வீடுகளில், கீழே கடைசி இரண்டு ரூமில் இருந்தோம். நான் கட்கி பஜாரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அதனால் அவன் இருமல் சாதாரண இருமல் இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து என்ன பிரயோஜனம், பெயின்ட் அவன் நுரையீரலைத் தின்று முடித்திருந்தது. வேலையை விட்டான். மூக்கில் குழாய், மூலையில் ஆக்ஸிஜன் மெஷின். அது நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும்.

சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம் அது. பெயின்ட் வாசனையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், என் கடையிலிருந்து மருந்து வருகிற அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னான். அதைப் பிரித்து, உள்பக்கத்தில் கறுப்புப் பேனாவால் வரைய ஆரம்பித்தான். முகங்கள். எங்கள் லைன் ஆட்கள், அவனோடு படித்தவர்கள், ஃபாக்டரி பஸ்ஸில் அப்பாவோடு போனவர்கள். ஒருவரையும் எதிரில் உட்காரவைத்து வரையவில்லை, எல்லாம் மனசிலிருந்துதான். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்.

எதிர் வரிசையில் ஒரு அக்கா இருக்கிறார். விடிகாலையில் பால் பாக்கெட் போடுகிறவர், எங்கள் எல்லாருக்கும் பால்க்கா. முன் பல் ஒன்று கிடையாது. அவரையும் வரைந்திருந்தான், அந்தப் பல் இல்லாத இடம் தெரியச் சிரிப்பதுபோல.

"பால்க்கா என்னிக்குடா இப்படி சிரிச்சாங்க? பாக்கெட் ஒழுகுதுன்னு சொன்னாலே கடிக்க வருவாங்களே."

"எப்பவோ ஒரு வாட்டி சிரிச்சாங்க. நான் பாத்துட்டேன்" என்றான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டருக்காகக் காத்திருக்கும்போது மாத்திரை அட்டையின் பின்னால் யாரையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்தி அம்மா எட்டிப் பார்த்தார். போபோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்து எல்லா அட்டைகளையும் பார்த்துவிட்டு, இதை வீட்டுக்குள் வைத்திருப்பது பாவம் என்று இந்தியில் சண்டை போட்டார். படங்களை மாட்டிக் காட்டப் பள்ளிக்கூட ஹாலை ஒரு சனி, ஞாயிறுக்கு வாங்கிக்கொடுத்தார். மெஷினுக்குப் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று மட்டும் தம்பி கேட்டான்.

அதற்கப்புறம் அவனுக்கு வேறு பேச்சே இல்லை. பேப்பரில் போடவேண்டும், நாலு பேர் வாங்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. வரைந்த ஆட்கள் வரவேண்டும், வந்து அவரவர் முகத்துக்கு முன்னால் நிற்கவேண்டும், அவ்வளவுதான். "யாராவது ஒருத்தராவது, 'டேய், இது நான்தானே?'ன்னு கேக்கணும்க்கா. அப்ப நான் 'தெரியலையே, எங்க, சிரிச்சுக் காட்டுங்க, பாத்து சொல்றேன்'னு சொல்லுவேன்." இதை என்னோடு ஒத்திகை வேறு பார்த்தான். நான் பால்க்காவாக முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கேட்கவேண்டும், அவன் சொல்வான். சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிடவேண்டும். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னது எனக்கு மட்டும் தெரியும். இன்னொரு சனி ஞாயிறு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட நாள் இல்லை.

அழைப்பிதழையும் நானே வரைவேன் என்று பிடிவாதம். பேனாவால் அவன் முகத்தையே வரைந்தான், கறுப்பு வெள்ளையில். அழைப்பிதழ் என்றால் பூ இல்லாமலா என்று முகத்தைச் சுற்றி ஒரு சாமந்தி மாலை. விளக்கேற்றித் திறப்பதால் கீழே ஒரு குத்துவிளக்கு. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், தமிழில், இடம், நாள், நேரம், அனைவரும் வருக. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாக இருந்தது. மாலையில் ஒவ்வொரு இதழும் தெரியும். நான் போனில் படம் பிடித்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில், நல்ல நாள் என்று, எல்லா குரூப்பிலும் போட்டேன். எங்கள் லைன் குரூப், ஃபாக்டரிப் பிள்ளைகள் குரூப், அவனுடைய ஸ்கூல் குரூப், ஹிஞ்சவடிப் பக்கம் ஐடி பிள்ளைகள் நடத்துகிற தமிழ் குரூப். போட்டுவிட்டுப் பார்த்தால் என்னுடையதற்கு மேலே ஒரு கிரகப்பிரவேசம், ஒரு மொபைல் கடைத் திறப்பு, ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம், சத்யநாராயண பூஜை, யோகா வகுப்பு. கீழே அதற்குள் ஒரு காதுகுத்து வந்து உட்கார்ந்துவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது? நானே அவற்றில் ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போவேன். நெருங்கின சொந்தமாக இருந்தால் ஒரு கும்பிடு பொம்மை. கூப்பிட்டவர்களும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. கூப்பிடுவதே சொல்லிவைப்பதற்கு என்று ஆகிவிட்டது, வரவைப்பதற்கு இல்லை.

தம்பி என் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீல டிக் வந்துடுச்சுக்கா, பாத்துட்டாங்க." ஒரு கட்டைவிரல். இரண்டு கும்பிடு. ஐடி குரூப்பில் ஒருவர், 'சூப்பர் அண்ணா, லைவ் லிங்க் இருக்கா?' இன்னொருவர், 'பார்க்கிங் உண்டா?' கொஞ்ச நேரம் கழித்து அவன் முகம் சுண்டிவிட்டது. "வரேன்னு ஒருத்தரும் சொல்லலையே."

"மதியம் வரைக்கும் பொறுடா. வேலைக்குப் போயிருப்பாங்க."

"நீ நேர்ல போய்க் கூப்பிட்டுட்டு வந்துடேன். முறையா, குங்குமத்தோட."

"என்ன, உனக்குக் கல்யாணமா? சாயங்காலம் வந்து போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். நிஜமாகவே சாயங்காலம் போவதாகத்தான் இருந்தேன். சம்படத்தில் குங்குமம்கூட எடுத்துவைத்திருந்தேன்.

கடையில் கூட்டம். மருந்துச் சீட்டு ஒரு கையில், சில்லறை ஒரு கையில். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்த போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. பரவாயில்லையே, வரேன் என்று சொல்கிறார்கள் போல என்று நினைத்தேன். கை ஒழிந்து எடுத்துப் பார்த்தால், ஃபாக்டரிப் பிள்ளைகள் குரூப்பில் யாரோ ஒருவர் 'ஓம் சாந்தி' என்று போட்டிருக்கிறார். அதற்குக் கீழே 'ஓம் சாந்தி'. அதற்குக் கீழே மராத்தியில் 'பாவபூர்ண ஷ்ரத்தாஞ்சலி', பூங்கொத்தோடு. அப்புறம் வரிசையாக அதேதான். 'ரொம்ப நல்ல மனுஷன்.' 'ஐயோ, போன மாசம்தானே பாத்தேன்.' போன மாசம் அவன் வாசலைத் தாண்டவே இல்லை, எந்தக் கடங்காரன் பார்த்தானோ! லைன் குரூப்பிலும் இதே கூத்துதான்.

அப்போதுதான் அந்தப் படத்தை மற்றவர்கள் கண்ணால் பார்த்தேன். கறுப்பு வெள்ளை முகம், சுற்றி மாலை, கீழே விளக்கு. இந்தக் கட்கியில் தெருமுனைக்குத் தெருமுனை பேனரில் தொங்குவதும் இதுதானே? எழுத்தைப் படித்தால் விஷயம் தெரியும். யார் படிக்கிறார்கள்? எங்கள் பிள்ளைகள் தமிழைப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள். படிக்கத் தெரிந்த கிழடுகளுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. பாவி மகன், மாலையை இவ்வளவு நன்றாகவா வரைவாய்!

'உயிரோடு இருக்கிறான், இது கண்காட்சி' என்று ஒவ்வொரு குரூப்பிலும் அடித்தேன். அதையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதற்கும் ஒருவர் கும்பிடு போட்டார்.

வீட்டிலிருந்து, யாருடைய நம்பரிலிருந்தோ போன் வந்தது. தம்பிதான். "அக்கா, நீ வா. எனக்கு மாலை வந்திருக்கு."

"எதுக்குடா மாலை?"

"நான் செத்துட்டேனாம்." சிரிக்கிறான், மூச்சு வாங்குகிறது. "எல்லாரும் வந்துட்டாங்கக்கா. எல்லாரும்."

ரிக்ஷா பிடித்து ஓடினேன். வராந்தா முழுக்கச் செருப்பு. போபோடியிலிருந்து வந்திருந்தார்கள், தாபோடியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்திருந்தார்கள், பாதி ஷிஃப்டில் பர்மிஷன் சொல்லிவிட்டு யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். அப்பா பஸ்ஸில் கூடப் போன பெரியவரைப் பேரன் பைக்கில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். யாரையும் யாரும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டார்கள், வந்துவிட்டார்கள். நடுவில் தம்பி கட்டிலில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மாலைகளை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாவு மாலையைச் சாமிக்கும் போட முடியாது, வீட்டிலும் வைக்கக் கூடாது. கடைசியில் வராந்தா குழாயில் மாட்டியிருந்தார்கள்.

முதலில் ஓடிவந்தது பால்க்காதானாம். மருமகள் போனில் காட்டியதும், தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு செருப்பில்லாமல் வந்தவர், இவன் டம்ளரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தாமலே திட்ட ஆரம்பித்துவிட்டார். "கட்டைல போறவனே, இப்டியா படம் போடுவாங்க? என் உசுரு போயி வந்துச்சு. சாவுச் சேதி பொய்யா வந்தா ஆயுசு கெட்டிடா உனக்கு. நூறு வயசு இருப்ப, போ." எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கண்டம் கழிந்தது, ஆயுசு கெட்டி. அவர்களுக்கும் அந்தச் சங்கடத்திலிருந்து வெளியே வர ஒரு வழி வேண்டுமே.

படங்கள் உள்ரூமில், சுவரைப் பார்க்கத் திருப்பி, பழைய புடவையால் மூடி அடுக்கியிருந்தன. நான் தம்பியின் காதில் சொன்னேன். "டேய், எல்லாரும் இங்கதான் இருக்காங்க. எடுத்து வைக்கட்டுமா? இப்பவே காட்டிடலாம்."

என்னை அப்படி முறைத்தான். "வேணாம்."

"ஏண்டா?"

"துக்கத்துக்கு வந்தவங்ககிட்ட காட்டறதுக்கா வரைஞ்சேன்? நல்லதுக்கு வரட்டும். சனிக்கிழமை ஹால்ல, வெளிச்சத்துல, சட்டை மாத்திகினு வரட்டும்." அப்பாவின் ரோஷம் அப்படியே. அன்றைக்கு அந்தப் புடவையை இழுத்துக் கீழே போட்டிருக்கவேண்டும்.

அவனே எல்லாரையும் வாய் நிறையக் கூப்பிட்டான். "சனிக்கிழமை பத்து மணிக்கு. கண்டிப்பா வரணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். வராம இருப்போமா, இது நம்ம வீட்டு விசேஷமாச்சே என்றார் ஒருவர். சங்கடம் தாங்காமல் இரண்டு பங்காய்ச் சத்தியம் செய்தார்கள். நான் எடுத்துவைத்த குங்குமத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எல்லாரையும்தான் நேரிலேயே கூப்பிட்டாயிற்றே.

சனிக்கிழமை அவன் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. மெஷினை ரிக்ஷாவில் என் மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஓவிய டீச்சர் முந்தின நாளே ஹாலைக் கழுவி, அட்டைகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். அத்தனை முகங்களையும் ஒரே இடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்தோம், வாசல் தெரிகிற மாதிரி.

டீச்சரோடு வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். ஐடி குரூப்பிலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் வந்து, நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொல்லிவிட்டு, இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்று கிளம்பினார்கள். அவர்கள் படத்தில் இருக்கிறவர்கள் இல்லை.

படத்தில் இருக்கிறவர்கள் ஒருவரும் வரவில்லை.

"சமையல் முடிச்சுட்டு வருவாங்க" என்றான். மதியம், "வெயில் தாழட்டும்னு இருப்பாங்க" என்றான். வாசலில் நிழல் ஆடினால் முதுகை நிமிர்த்திச் சட்டைக் காலரைச் சரிசெய்வான். அப்புறம் சாய்ந்துகொள்வான். நான் வெளியே போய், எனக்குத் தெரிந்த நம்பரெல்லாம் அடித்தேன். ஒருவர் சத்யநாராயண பூஜையில் இருந்தார். ஒருவர் காதுகுத்துக்குத் தலேகாவ் போயிருந்தார். ஒருவர் உண்மையைச் சொன்னார்: "மாலையோட வந்த மூஞ்சிய வெச்சுக்கினு எப்டிக்கா வர்றது? கூச்சமா இருக்குது." பால்க்காவின் மருமகள்தான் போனை எடுத்தாள். "அத்தை அன்னிக்கே வந்து அண்ணனைப் பாத்துட்டாங்களே" என்றாள். ஒரு தரம் தலையைக் காட்டினால் கணக்கு தீர்ந்தது. அடப்பாவிகளா, அவனைப் பார்க்கவா கூப்பிட்டான்? உங்களைப் பார்க்கத்தானே கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமையும் போனோம். சட்டை மாற்றச் சொன்னேன், பரவாயில்லை என்று அதே நீலச் சட்டையில் வந்தான். இரண்டு மணிக்கு மேல் வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். திரும்பும்போது ரிக்ஷாவில் ஒன்றே ஒன்று கேட்டான். "மூஞ்சி ஒண்ணும் மோசமா வரலையே?"

"இல்லடா. அப்படியே இருக்குது."

"அப்ப சரி" என்றான். அதற்குப் பிறகு அவன் பேனாவைத் தொடவில்லை. அட்டைகளைக் கட்டிலுக்கு எதிரே சுவர் பக்கம் திருப்பிவைக்கச் சொன்னான். நான் வற்புறுத்தினால் இரண்டு வாய் கஞ்சி குடிப்பான்.

மழை தொடங்கின வாரத்தில் ஒரு காலை, பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தேன். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் மூச்சு விடவில்லை.

குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டேன், படம் எதுவும் இல்லாமல். 'என் தம்பி இன்று காலை இறந்துவிட்டான்.' ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது, சிரிக்கிற பொம்மையோடு. 'இது பழைய மெசேஜ். அவர் நல்லா இருக்கார். யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.' அதற்கு நாலைந்து கட்டைவிரல்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர்கள் யாராவது எதிரில் இருந்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன்.

அப்புறம் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு டெம்போ வந்து எங்கள் வாசலில் நின்றது. அதற்கு யாரும் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் வராந்தா முழுக்கச் செருப்பு. அதே ஆட்கள், அதே யூனிஃபார்ம். இந்தத் தடவை மாலைகளுக்கு வேலை இருந்தது.

பெட்டியை வைக்க இடம் வேண்டும் என்று கட்டிலையும் சாமான்களையும் யாரோ வெளியே எடுத்துப் போட்டார்கள். அட்டைகளையும் எடுத்துப்போய், மழைச் சாரல் படாமல் வராந்தாச் சுவரில் வரிசையாகச் சாத்திவைத்திருக்கிறார்கள், முகம் வெளியே தெரிகிற மாதிரி. நான் உள்ளே இருந்தேன், கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே பேச்சு மாறியது. "ஏய், இது உங்கப்பாடா." "இங்க பாரு, இது நம்ம கேன்டீன்காரரு." யாரோ போனில் படம் எடுக்கிற சத்தம். சாவு வீட்டில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பால்க்கா உள்ளே வந்தார், அழுது வீங்கின முகத்தோடு, கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார், "இது நான்தானே?"

பதில் எனக்குத் தெரியும். எத்தனை தரம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். சொல்லவேண்டியவன் கண்ணாடிக்குக் கீழே படுத்திருந்தான், அதே நீலச் சட்டையில்.

"தெரியலையேக்கா" என்றேன். "எங்க, சிரிச்சுக் காட்டுங்க. பாத்து சொல்றேன்."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. "அவன் கேக்கச் சொன்னான்க்கா. உங்களைச் சிரிக்கச் சொல்லணும்னுதான் ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தான்."

பால்க்கா வாயைத் திறந்தார். உதடு இழுத்தது. அந்தப் பல் இல்லாத இடம் ஒரு நொடி தெரிந்தது, அதற்குமேல் முடியவில்லை. அட்டையை அவன் கால் பக்கம் சாத்திவைத்தார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால், எழுந்து, எதுவும் சொல்லாமல் போனார்.